மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்: எந்த வேலை நடக்கும், எந்த வேலை நடக்காது

தமிழ்நாட்டில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலோ அதற்கு எட்டும் தூரத்திலோ இருக்கும் அலுவலகம் இது. பலகையில் 'முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம்' என்று இருக்கும். பட்டாளத்துக்காரர் வீடுகளில் 'சைனிக் போர்டு' என்றால்தான் புரியும். ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றிலிருந்தும் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களுக்கும், அவர்கள் காலமான பிறகு மனைவி மக்களுக்கும் அரசு தரும் உதவிகளின் வாசல் இதுதான். ஆனால் வாசல் வேறு, வீடு வேறு. இங்கே கொடுக்கும் காகிதங்களில் பாதி, டெல்லிக்கோ, படைப்பிரிவு ஆவணம் இருக்கும் வெலிங்டன் போன்ற ஊருக்கோ, ராணுவப் பென்ஷன் கணக்கு அலுவலகம் இருக்கும் பிரயாக்ராஜுக்கோ போய்த்தான் முடிவாகும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் வேலையை முடித்துக்கொண்டு வருவார். தெரியாமல் போகிறவர் உதவி இயக்குநரைத் திட்டிக்கொண்டு வருவார்.

ஐந்துக்கு எத்தனை என்றால், பதிவு, அடையாள அட்டை, சார்ந்தோர் சான்று இவற்றுக்கு நாலரை. பண உதவிகளுக்கு மூன்று. பென்ஷன் சிக்கலுக்கு ஒன்றரை. அதிலும் அலுவலகத்தின் குற்றம் கொஞ்சம்தான்.

இந்த அலுவலகத்துக்கு எஜமானர் இரண்டு பேர். நிர்வாகச் செலவில் 60 பங்கு மத்திய அரசுடையது, 40 மாநில அரசுடையது. ஊழியர்கள் மாநில அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையில் வருகிறார்கள். மத்திய உதவிகளோ டெல்லியில் உள்ள மைய முப்படைவீரர் வாரியத்தின் விதிப்படி நடக்கின்றன. மாவட்ட வாரியத்துக்குத் தலைவர் கலெக்டர். உள்ளே நுழைந்ததும் தேட வேண்டிய ஆள் 'நல அமைப்பாளர்'. அவரும் முன்னாள் படைவீரர்தான். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் திறக்க வேண்டும் என்று தெரிந்தவர். எழுத்தரிடம் அரை மணி நேரம் விளக்குவதை இவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

முதல் வேலை பதிவு. ஓய்வு பெற்று வந்ததும் செய்ய வேண்டியது. கேன்டீன் கார்டுக்கு ஓடுகிற அவசரத்தில் பலர் தள்ளிப்போடுவதும் இதைத்தான். டிஸ்சார்ஜ் புத்தகம் அசல், பென்ஷன் ஆணையான பிபிஓ, ஆதார், பான், வங்கிப் புத்தகம், புகைப்படம், மனைவியோடு சேர்ந்து எடுத்த படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோய்விடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை நகல் எடுக்கும்போது எழுத்து இருக்கும் பக்கம் ஒன்றையும் விடக் கூடாது. குடும்ப விவரப் பக்கத்தை விட்டுவிட்டு முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் நகல் எடுத்து வருகிறவர்கள்தான் மறுநாளும் வர வேண்டியிருக்கிறது. இன்னொன்று: அந்தப் புத்தகத்தை லேமினேட் செய்யாதீர்கள். கிழிகிறதே என்ற நல்லெண்ணத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் நிரந்தரமாக ஒட்டிவிட்டால், பிறகு பதிவு முத்திரையும் குறிப்பும் எங்கே போடுவது?

வேலைவாய்ப்புப் பதிவும் இங்கேயே உண்டு. முன்னாள் படைவீரருக்கான ஒதுக்கீட்டில் அழைப்பு வர வேண்டுமானால் இந்தப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாவட்டம் பிரிந்த பகுதிகளில் (தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, மயிலாடுதுறை) உங்கள் கோப்பு பழைய மாவட்டத்தில் இருக்கிறதா, புதியதற்கு வந்துவிட்டதா என்று போனில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவைப்படுவது 'சார்ந்தோர் சான்று'. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் தனியாக உண்டு. இந்தச் சான்று இல்லாமல் அந்த வரிசையில் நிற்க முடியாது. ஆவணம் சரியாக இருந்தால் அலுவலகம் இதை வேகமாகவே தருகிறது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு போனால் மாவட்டமே அங்கே நிற்கும். தேர்வு முடிந்த கையோடு, முடிவு வருமுன் போய் வாங்கிவிடுவது நல்லது.

இனி, எல்லாச் சிக்கலுக்கும் வேரான விஷயம். பெயர்.

ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் 'லக்ஷ்மி'. ஆங்கிலத்தில் எக்ஸ் போட்டு எழுதியிருக்கும், ஏனென்றால் யூனிட்டில் எழுதிய கிளார்க் வடநாட்டுக்காரர். ஆதாரில் அதே அம்மா 'லெட்சுமி'. டி-சி-எச் போட்டு எழுதியிருக்கும், ஏனென்றால் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வங்கிப் புத்தகத்தில் 'முத்துலட்சுமி'. மூன்றும் ஒரே ஆள் என்பது தெருவுக்கே தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கணவர் இருக்கும்வரை இது பிரச்சினையாகத் தெரிவதே இல்லை. அவர் காலமான மறுமாதம் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோய், அந்த அம்மா மகனோடு பெஞ்சில் வந்து உட்காரும்போதுதான் தெரிகிறது.

நம் ஊர் இனிஷியல் அடுத்த தலைவலி. ராணுவப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். சேர்ந்த நாளில் யாரோ 'எஸ்' என்பதை 'சுப்பையா' என்று விரித்து எழுத, பெயர் 'முருகன் சுப்பையா' ஆகிவிடும். ஆதாரில் 'எஸ். முருகன்', பானில் 'சுப்பையா முருகன்'. பிள்ளைகளின் பிறந்த தேதியிலும் இதே கதை. லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியவர் வாயால் சொன்ன தேதி, யூனிட்டில் குடும்ப விவரம் பதியும் பார்ட்-டூ ஆர்டரில் ஏறியிருக்கும். பள்ளிச் சான்றில் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகக் கொடுத்த தேதி இருக்கும்.

இதை மாவட்ட அலுவலகம் திருத்த முடியாது. திருத்தும் அதிகாரம் அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்இ-க்கு செகந்திராபாத். ஓய்வுக்குப் பின் டிஎஸ்சி என்ற பாதுகாப்புக் காவல் படையில் இரண்டாம் முறை சேர்ந்தவர்களுக்குக் கண்ணூரில் இன்னொரு ஆவணம் இருக்கும். இவர்கள் பாடு இரட்டிப்பு. ஒன்றில் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிட்டால், இரண்டு பிபிஓவில் இரண்டு மனைவி என்பதுபோல் காகிதம் பேசும்.

திருத்தத்துக்கு வழக்கமாகக் கேட்பவை: மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்த உறுதிமொழிப் பத்திரம், ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் கொடுத்த பெயர் மாற்ற விளம்பரத்தின் அசல் துண்டு, ஆதார், பிபிஓ நகல், டிஸ்சார்ஜ் புத்தக நகல், ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிய விண்ணப்பம். எந்த வாசகத்தில் எழுத வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு ரெக்கார்ட் ஆபீஸுக்கும் ஒரு மாதிரி உண்டு. நல அமைப்பாளரிடம் உங்கள் ரெஜிமென்டுக்கான மாதிரியைக் கேட்டு வாங்கிய பிறகு வக்கீலிடம் போங்கள். வக்கீல் தன் வழக்கப்படி எழுதிக்கொடுத்த பத்திரம் திரும்பி வந்தால் செலவும் நாளும் வீண். விளம்பரத்தில் பழைய எழுத்து, புதிய எழுத்து இரண்டையும் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்கள். சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், ரெஜிமென்ட் இந்த நான்கும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்ட அலுவலகம் வழியாக அனுப்பினால் முகப்புக் கடிதத்தில் ஒரு கோப்பு எண் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து விசாரிக்க அந்த எண்தான் பிடிமானம்.

எண்பதுகளின் நடுவுக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்தக் கால பிபிஓ சிலவற்றில் மனைவி பெயரே இருக்காது. கணவர் உயிரோடு இருக்கும்போதே கூட்டுப் புகைப்படத்தோடு விண்ணப்பித்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி பெயரைச் சேர்த்து ஆணை வாங்கிவிட வேண்டும். எண்பது வயது தாண்டியவர் வீட்டில் இருந்தால் இன்றே அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

பண உதவிக்கு வருவோம். மத்திய உதவிகளில் முக்கியமானவை, டிசம்பர் 7 கொடிநாளில் திரட்டும் நிதியிலிருந்து வருபவை. 2025 அக்டோபரில் இவற்றை இரட்டிப்பாக்கி, நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பென்ஷன் இல்லாத 65 வயது கடந்தவருக்கு மாதம் 4,000 என்பது 8,000 ஆனது. கல்வி உதவி ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000-லிருந்து 2,000. ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகளுக்கு. மகள் திருமணத்துக்கு 50,000-லிருந்து ஒரு லட்சம். இரண்டு மகள்களுக்கு உண்டு, கைம்பெண் மறுமணத்துக்கும் உண்டு. மூன்றுக்கும் ஹவில்தார் வரைதான், மற்ற படைகளில் அதற்குச் சமமான ரேங்க் வரை. அதற்கு மேல் ரேங்கான சுபேதார் வீட்டில் கல்யாணம் முடிந்து ஆல்பத்தோடு வந்து ஏமாந்து போவது அடிக்கடி நடப்பது.

திருமண உதவிக்கு 180 நாள் கெடு. இதில் நம் ஊரில் ஒரு சறுக்கல் இருக்கிறது. விண்ணப்பத்தோடு திருமணப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவுக்கு 90 நாள் அவகாசம், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கடைசி நாள்வரை இழுத்து 150-ஆவது நாள் பதிவு செய்தால், விண்ணப்பிக்க மிச்சம் 30 நாள். அந்த முப்பது நாளில்தான் மகளின் பிறந்த தேதி டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருப்பது கண்ணில் படும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே அந்தப் புத்தகத்தையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட வேண்டும்.

விண்ணப்பம் மைய வாரியத்தின் இணையதளத்தில் போட வேண்டும். அதன் பிறகு அசலை மாவட்ட அலுவலகத்தில் காட்டினால் அவர்கள் சரிபார்த்து மேலே அனுப்புவார்கள்; சென்னை வழியாக டெல்லி போகும். இங்கே விழும் குழி 'அப்சர்வேஷன்'. ஏதாவது குறை என்றால் விண்ணப்பத்தைத் திருப்பிக் குறிப்பு எழுதிவிடுவார்கள். அந்தக் குறிப்பு இணையதளக் கணக்கில் இருக்கும். கணக்கைத் திறந்ததோ பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர். அவர் தன் மெயிலையும் தன் கைபேசி எண்ணையும் கொடுத்திருப்பார். டெல்லி கேட்ட கேள்வி அவருக்குப் போய்ச் சேரும், உங்களுக்கு வராது. ஒரு வருடம் கழித்து "பணமே வரல சார்" என்று வந்து நிற்கும் பல கோப்புகளின் கதை இதுதான். கணக்கு உங்கள் எண்ணில் இருக்கட்டும், பாஸ்வேர்டை டைரியில் எழுதுங்கள், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பிரதமரின் கல்வி உதவித்தொகை தனி. தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 5,500 பேருக்கு, மாணவிகளுக்கு மாதம் 3,000, மாணவர்களுக்கு 2,500. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். சுபேதார் போன்ற ஜேசிஓ ரேங்க்காரர்களின் பிள்ளைகளும் போடலாம். முதலாம் ஆண்டில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். இரண்டாம் ஆண்டில் ஞாபகம் வந்தால் முடிந்தது கதை. கல்லூரி, வங்கி, நல அலுவலகம் என மூன்று இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். வங்கியில் முத்திரை இருக்கும், அதிகாரி கையெழுத்து இருக்காது. கல்லூரியில் படிப்பின் பெயரைச் சுருக்கி எழுதிவிடுவார்கள். வாங்கிய இடத்திலேயே நின்று படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

இந்த அலுவலகம் செய்வதிலேயே மிக நல்ல வேலை எதுவென்றால், அந்த மாதம் 8,000. பதினைந்து வருடம் முடிக்காமல் வந்ததால் பென்ஷன் கிடைக்காத சிப்பாய்கள், அவர்களுடைய மனைவிமார் ஊர்ப்புறத்தில் இருக்கிறார்கள். தங்களுக்கு ஏதாவது உண்டு என்பதே இவர்களில் பலருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சான்று மட்டும் பெட்டியடியில் இருக்கும். நல அமைப்பாளர் கிராமம் கிராமமாகப் போனால்தான் இவர்கள் வெளியே வருவார்கள். போகிற மாவட்டமும் உண்டு, நாற்காலியை விட்டு எழாத மாவட்டமும் உண்டு. வருடந்தோறும் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும்.

மாநில அரசின் நிதியிலும் கல்வி, திருமணம், ஈமச்சடங்கு, கண் கண்ணாடி என்று சிறு உதவிகள் உண்டு. கல்விக்கு மத்திய உதவியும் மாநில உதவியும் இரண்டும் வாங்க முடியாது; எது லாபம் என்று கணக்குப் போட்டு ஒன்றைப் பிடியுங்கள். 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' தொழில் கடன் திட்டம்: ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் கடன் தருவது வங்கி. சிபில் ஸ்கோரும் திட்ட அறிக்கையும் சரியில்லை என்றால் நல அலுவலகத்தின் பரிந்துரை அங்கே செல்லாது.

படைவீரர் காலமானால் வரிசை இப்படி. இறப்புச் சான்றில் பெயர் பிபிஓவில் உள்ளபடியே இருக்கிறதா என்று பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ வாங்கும்போதே பார்க்க வேண்டும். அடுத்து ராணுவப் பென்ஷனுக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்தில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். பொதுச் சேவை மையத்திலும் செய்யலாம். அதன் பிறகு நல அலுவலகத்தில் மனைவி பெயரில் பதிவும் கைம்பெண் அடையாள அட்டையும். மகனோ மகளோ அப்பாவின் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பதை அன்றோடு நிறுத்த வேண்டும். இறந்த தேதிக்குப் பின் ஏறிய பென்ஷன் அரசுப் பணம், பைசா குறையாமல் திரும்பப் பிடிப்பார்கள். ஈமச்சடங்குச் செலவுக்கு என்று எடுத்தாலும் அதே கணக்குத்தான்.

ஓய்வுக்குப் பிறகு இறந்தவரின் மனைவிக்கு முதல் ஏழு வருடம், அல்லது கணவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள்வரை, எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம். பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமாக இறங்கும். "பென்ஷனைக் குறைச்சுட்டாங்க" என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இந்த இறக்கம்தான். மனைவியும் போன பிறகு மணமாகாத, கைம்பெண்ணான அல்லது விவாகரத்தான மகளுக்கோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கோ குடும்ப ஓய்வூதியம் தொடர வழி உண்டு. அதற்கும் அந்தப் பிள்ளையின் பெயர் ரெக்கார்டில் ஏறியிருக்க வேண்டும்.

எதற்கு இங்கே போக வேண்டாம்? மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் கார்டு, பாலிகிளினிக் ரெஃபரல், ஆஸ்பத்திரி பில் இவற்றுக்கு. அது 2003 முதல் தனி நிர்வாகம், ராணுவ ஸ்டேஷன் தலைமையகத்தின் கீழ் வருவது. கேன்டீன் கார்டும் இங்கே இல்லை. பென்ஷன் தொகையில் தவறு என்றால் ஸ்பர்ஷ் தளத்தில் குறை பதிந்து எண் வாங்குங்கள்; அங்கும் தீராதது சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளைக்குப் போகும் வழக்கு. சட்ட ஆலோசனைக்கு 2025 ஜூலையில் தொடங்கிய 'வீர் பரிவார் சகாயதா யோஜனா'வில் சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே இலவசச் சட்ட உதவி மையம் வைக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் எந்தக் கிழமை வக்கீல் வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, கலெக்டர் தலைமையில் நடக்கும் முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர் கூட்டம். பட்டா மாறுதல், பாதை அடைப்பு, எல்லைத் தகராறு இவை பட்டாளத்தில் இருக்கும்போது ஊரில் முளைத்து, திரும்பி வரும்போது வளர்ந்து நிற்பவை. திங்கள்கிழமைப் பொது மனுநாளில் நூறோடு நூற்றொன்றாகப் போகும் மனு, இங்கே கலெக்டர் கையில் நேராகப் போகும். பென்ஷன் மனுவை இங்கே கொடுத்து வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கலெக்டர் அதை ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தள்ளிவிடுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. சர்வே எண், கிராமம், வட்டம், எந்தத் தேதியில் யாரிடம் முன்பு மனு கொடுத்தீர்கள் என்பதோடு ஒரு பக்கத்தில் எழுதி, இரட்டைப் பிரதியாகக் கொண்டுபோங்கள். இரண்டாவதில் தேதி முத்திரை வாங்காமல் அரங்கத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

2022-ல் வந்த அக்னிபத் விதிப்படி நான்கு வருடம் முடித்து வரும் அக்னிவீரர்களுக்குப் பென்ஷனும் ஈசிஎச்எஸும் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. இந்த அலுவலகத்தின் பதிவேட்டில் அவர்களுக்கென்று இன்னும் ஒரு பத்தி கிடையாது.